அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்து தொடங்குங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அரசு அலுவலகங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வர முடிகிறதா என்று நீங்கள் ஆய்வுக்குப் போகப்போகிறீர்கள். வேலூரில் நின்று இதைப் பேசும்போது டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்லாமல் தொடங்க முடியாது. 1954இல் நடந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்; இங்கே வேலூர் பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் எழக் காரணமாக இருந்தவரும் அவர்தான். அப்படிப்பட்ட ஊரில் இன்றைக்கும் ஒருவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கித்தான் அலுவலகத்துக்குள் வைக்க வேண்டும் என்றால் என்னால் பொறுக்க முடியவில்லை.

சாய்தளம் இருக்கிறதா, இருக்கிறது என்று டிக் போட்டுவிட்டு வருவது ஆய்வு இல்லை. அளந்து பாருங்கள். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும். மூன்று படி என்றால் ஏறக்குறைய ஒன்றரை அடி, அப்போது 18 அடி சாய்தளம். ஆனால் படிக்குப் பக்கத்தில் ஆறடிக்கு சிமெண்ட் பூசிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பைக் ஏற்ற அது போதும். நாற்காலி ஏறும்போது பின்னால் சாயும், இறங்கும்போது பிடி நிற்காமல் ஓடும்.

அப்புறம் கழிப்பறை. கதவு 90 சென்டிமீட்டர் அகலம் வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். அளக்கும் முன்பே சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்கும், திறந்தால் துடைப்பமும் உடைந்த மேசையும் கிடக்கும். அதையும் எழுதுங்கள், அதுவும் தடைதான். லிஃப்ட் பட்டனில் பிரெய்ல் இருக்கிறதா, தளத்தைக் குரல் சொல்கிறதா என்றும் பாருங்கள்.

நடக்க முடிகிற ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிப் பார்க்காதீர்கள். தினமும் அதில் வாழ்கிறவரைக் கூட்டிப்போங்கள், பார்வையற்றவரையும்தான். நாம் தாண்டிப்போகிற ஒரு சின்ன வாசற்படியை அவர்கள்தான் காட்டுவார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது, விதிகள் 2017இல் வந்தன. இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்ற கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. இந்த அளவுகளை வெறும் பரிந்துரையாக விடக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் அளவும் படமும் சேர்த்து, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். ஒப்புகை வாங்கிக்கொண்டு, என்ன ஆனது என்று மாதாமாதம் போய்க் கேளுங்கள்.