சேர்ந்து நீளும் தண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பொருள்களின் வலிமை என்ற பாடத்தை நடத்தியவன் நான். அந்தப் பாடத்தில் நன்றாகப் படிக்கும் மாணவர்களும் வழக்கமாகச் சறுக்கும் ஓரிடம் உண்டு. அதைப் பற்றிப் பேசவே இன்று புதுச்சேரி வானொலி நிலையத்துக்கு வந்திருக்கிறேன். இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த கூட்டுத்தண்டை இழுத்தால் அது எவ்வளவு நீளும், அந்த இழுவிசையில் எந்த உலோகம் எவ்வளவைச் சுமக்கும் என்பதே கேள்வி.

ஒரே உலோகத்தால் ஆன தண்டில் சிக்கல் இல்லை. நீட்சி விசைக்கு ஏற்ப அமையும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதியே போதும். சுமையை நீளத்தால் பெருக்கி, அதைக் குறுக்குவெட்டுப் பரப்பும் யங் குணகமும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுத்தால் நீட்சி கிடைத்துவிடும். யங் குணகம் என்பது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண். எஃகுக்கு அது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன், அலுமினியத்துக்கு 70,000.

இப்போது ஓர் எஃகுத் தண்டை அலுமினியக் குழாய்க்குள் செருகி, இரு முனைகளிலும் தடித்த தகடுகளை வைத்து இறுகப் பிணைத்துவிட்டதாகக் கொள்ளுங்கள். கரும்பலகை இல்லாமல் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் எளிய எண்களையே எடுத்துக்கொள்கிறேன். எஃகின் பரப்பு 100 சதுர மில்லிமீட்டர், அலுமினியத்தின் பரப்பு 300, இரண்டின் நீளமும் ஒரு மீட்டர், இழுவிசை 41 கிலோநியூட்டன். பரப்பு ஒன்றுக்கு மூன்று என்பதால் பாரத்தையும் ஒன்றுக்கு மூன்றாகப் பிரித்து, எஃகுக்குப் பத்தேகால் கிலோநியூட்டன் என்று எழுதிவிடுவார்கள் மாணவர்கள். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இந்த விடை முற்றிலும் தவறு.

இரண்டு பங்கையும் கூட்டினால் 41 வரவேண்டும் என்பதற்கு மேல் விசைச் சமநிலை நமக்கு எதையும் சொல்வதில்லை. அப்படிக் கூட்டி வரக்கூடிய விடைகளோ எண்ணற்றவை. அவற்றுள் சரியானதைக் காட்டுவது நீட்சிதான். தகடுகள் இரண்டையும் பிணைத்திருப்பதால் எஃகு எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவே அலுமினியமும் நீள முடியும். ஆகவே பாரம், பரப்பையும் யங் குணகத்தையும் பெருக்கி வரும் விகிதத்தில் பிரிகிறது. எஃகுக்கு அந்தப் பெருக்குத்தொகை இரண்டு கோடி, அலுமினியத்துக்கு இரண்டு கோடியே பத்து லட்சம். அதாவது எஃகு 20 கிலோநியூட்டனையும் அலுமினியம் 21 கிலோநியூட்டனையும் சுமக்கின்றன. தண்டு சரியாக ஒரு மில்லிமீட்டர் நீள்கிறது. எஃகில் எழும் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் பரப்பும் தாங்கும் விசை, 200 நியூட்டன், அலுமினியத்தில் 70. தவறான கணக்கைப் போட்டவர் எஃகின் தகைவை ஏறக்குறைய நூறு என்று எண்ணி நிம்மதியாக இருந்திருப்பார். விறைப்பானவன் தலையில்தான் அதிகச் சுமை ஏறும் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. மாணவர்கள் சிரித்தாலும் தேர்வில் அது அவர்களுக்கு நினைவில் இருந்தது.

இவையெல்லாம் பிணைப்பு உறுதியாக இருக்கும்வரைதான். முனையில் அலுமினியக் குழாயின் பிடி நழுவிவிட்டால் 41 கிலோநியூட்டனும் எஃகின்மேல் விழும். தகைவு 410 நியூட்டனாகிவிடும். சாதாரண மென்எஃகு 250 அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். 410 என்பது அது அறுந்துபோகும் நிலையை ஒட்டிய எண். எனவே, கூட்டுத்தண்டைச் சோதிக்க வருபவர் உலோகத்தைப் பார்ப்பதற்கு முன் முனைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த தண்டுகளில் நிலைமை நேர்மாறானது. அங்கே இரண்டும் ஒரே பாரத்தைச் சுமக்க, நீட்சிகள் மட்டும் கூடிக்கொண்டே போகும். மாணவர்கள் இதில் அதிகம் தவறுவதில்லை என்பதால் நானும் நீட்டவில்லை.

நெய்வேலியிலிருந்து மின்சாரம் கொண்டுசெல்லும் உயர்அழுத்தப் பாதைகளை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். இத்தகைய பாதைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கம்பி, நடுவில் எஃகு இழைகளை வைத்து அவற்றைச் சுற்றி அலுமினிய இழைகளை முறுக்கியது. மின்சாரத்தைப் பெரும்பாலும் அலுமினியம் கடத்துகிறது. இழுவிசையை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் கத்திரி வெயிலும் மின்னோட்டமும் சேர்ந்து கம்பியைச் சூடாக்கும்போது, எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும் அலுமினியம் தளர்ந்து தன் பங்கைச் சிறிது சிறிதாக எஃகிடம் ஒப்படைத்துவிடுகிறது. வெளியிலிருந்து யாரும் ஒரு கிலோ எடையைக்கூடச் சேர்க்காமலே பங்கீடு மாறிவிடும் இந்த விந்தையை, நீட்சி சமமாக இருக்க வேண்டும் என்ற அதே நிபந்தனையால்தான் விளக்க முடியும்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளும் இந்தக் கணக்குக்கு உட்பட்டவையே. கண்ணாடி இழையின் யங் குணகம் அலுமினியத்தை ஒட்டியது, சுமார் 70,000. அதை ஒட்டவைக்கும் ரெசினுடையதோ 3,000 அளவுதான். பத்தில் மூன்று பங்கு இழையும் மீதி ரெசினுமாக, இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும் ஒரு பட்டையை இழைவழியே இழுத்தால், இரண்டும் சமமாக நீள வேண்டியிருப்பதால், பாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கை இழையே தாங்கும். பட்டையின் யங் குணகம் 23,000 அளவில் இருக்கும். குறுக்கே இழுத்தால் அது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்த தண்டைப்போல் நடந்துகொள்ள, விறைப்பு ஏறத்தாழ 4,000 அளவுக்கு இறங்கிவிடும். ஒரே திசையில் மட்டும் இழை ஓடாமல், குறுக்கும் நெடுக்கும் நெய்த பாயையும் துண்டு இழைகளைப் பரப்பிய பாயையும் மாற்றி மாற்றி அடுக்கிப் படகு கட்டுவதன் காரணம் இதுதான்.

விரிசல் விட்ட படகில் ரெசினை மட்டும் பூசி ஒப்பேற்றினால், தாங்க வேண்டிய இழை அறுந்தபடியே கிடக்க, மெலிந்த ரெசின் தனியாக நீண்டு சில நாள் கடலோட்டத்திலேயே மீண்டும் பிளந்துவிடும். படகு கட்டுவோர் விரிசலின் இருபுறமும் பழைய பரப்பை நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, இழைப் பாயை அகலமாக விரித்து, அதன்மேல் ரெசினை ஊற வைக்கிறார்கள். புதிய இழையும் பழைய இழையும் ஒன்றாக நீளும்படி பிடித்துவைப்பது அந்தச் சொரசொரப்புதான். நன்றி, வணக்கம்.