ஆலன் பேஜின் சுண்டுவிரல்

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து என்றதும் ஹெல்மெட் போட்டவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவதுதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். அதை மறிப்பது எதிரணியின் வேலை. மறிக்கும் வரிசையின் நடுப்பக்கம் நிற்பவர் டிஃபென்சிவ் டேக்கிள். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை, வீசுவதற்குள் அமுக்கிச் சாய்த்துவிட்டால் அது 'சாக்'.

நான் பேச வந்தது அந்த இடத்தில் நின்ற ஆலன் பேஜ் பற்றி.

1945இல் ஒஹையோவின் கேன்டன் ஊரில் பிறந்தவர். 1967இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு வந்தார். பலம் இருந்தது, ஆனால் எல்லோரும் பயந்தது அவருடைய வேகத்துக்குத்தான். பந்து அசைந்ததும், எதிரே குனிந்திருப்பவர் நிமிர்வதற்குள் அவரைத் தாண்டிவிடுவார். 1971இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதன் பிறகு 1986இல் இன்னொரு தடுப்பாட்டக்காரரான லாரன்ஸ் டெய்லர் வாங்கினார்.

ஒரு விஷயம் எனக்கு இன்றும் ஆதங்கம். சாக்குகளை, இந்த அணிகள் ஆடும் என்.எஃப்.எல். லீக் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். பேஜ் ஓய்வு பெற்றது 1981இல்! 218 ஆட்டங்களை ஒன்றுகூட விடாமல் ஆடியவரின் முக்கியமான வேலை பதிவேட்டில் இல்லை. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை நான்கு முறை ஆடி நான்கிலும் தோற்றவர் வேறு.

சரி, களத்துக்கு வெளியே வருவோம். ஆட வந்த புதிதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்தார். ஆட்டமும் படிப்பும் சேர்ந்தே நடந்தன. இடையில் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கி உடம்பு இளைத்துவிட, எடை போதவில்லை என்று 1978இல் வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. அதே 1978இல்தான் சட்டப் பட்டமும் கைக்கு வந்தது. அப்புறம் சிகாகோ பேர்ஸ் அணியில் 1981 வரை ஆடினார்.

கேன்டனில், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேம் கட்டப்பட்டபோது, அங்கே கட்டட வேலை செய்த பையன்களில் இவரும் ஒருவர். 1988இல் அதே கட்டடத்தில் இவருக்குச் சிலை வைத்தார்கள். தன்னை மேடையில் அறிமுகப்படுத்த அவர் அழைத்தது ஒரு பயிற்சியாளரை அல்ல, ஒரு பள்ளித் தலைமை ஆசிரியையை. பேசியதும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான். அந்த ஆண்டே கல்வி உதவித்தொகைக்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார்.

1992இல் வாக்காளர்கள் அவரை மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின நீதிபதி அவர்தான். 70 வயதில், 2015இல் ஓய்வு பெற்றார்.

அவர் கையைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஆட்டத்தில் மூட்டு பிசகிப் பிசகி, சுண்டுவிரல் ஏறக்குறைய செங்கோணமாக வெளியே திரும்பி நிற்கும். நீதிபதி வகுப்பறைக்குள் வந்தால் குழந்தைகளின் கண் அங்கேதான் போகும். அவரும் மகள் கேமியும் சேர்ந்து அந்த விரலைப் பற்றியே குழந்தைகளுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதிவிட்டார்கள்.