மீன் குஞ்சுக்கும் பாடம் உண்டு

அவைத்தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் உரையில் பாதியைத் தம்முடையதாக்கிக்கொண்ட பேராசிரியர் அவர்களே, சால்வை போர்த்தும்போது என் மூக்குக்கண்ணாடியையும் தட்டிவிட்ட வரவேற்புக் குழுச் செயலாளர் அவர்களே, விரும்பி வந்தோ விரட்டப்பட்டு வந்தோ அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால், அவர்களுக்கு இரண்டு வணக்கம்.

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று ஒரு பழமொழி உண்டு. மேடைக்கு மேடை நான் இதையே சொல்வதாக வீட்டில் புகார். இன்றும் சொல்வேன். நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டாம். நோயை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். அதற்காகவே வந்திருக்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். நோய்க்கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் செய்யும் புரதம்தான் எதிர்ப்பொருள். மீனுக்கு என்னென்ன எதிர்ப்பொருள்கள் உண்டு, அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், சுறாவின் எதிர்ப்பொருள் மனிதனுக்கு மருந்தாகுமா.

இரத்த அணுக்களை உண்டாக்க நமக்கு எலும்பு மஜ்ஜை செய்யும் வேலையை, மீனுக்குச் சிறுநீரகத்தின் முன்பகுதியான தலைச் சிறுநீரகம் செய்கிறது. எலும்பு மீன்களின் இரத்தத்தில் முதன்மையான எதிர்ப்பொருள் இம்யூனோகுளோபுலின் எம். நம்மிடம் அது ஐந்து அலகுகளாகச் சேர்ந்து நிற்கும், அவற்றிடம் நான்கு. அடுத்தது டி. மூன்றாவதும் டி! ஆங்கிலத்தில் ஒன்று நான்காம் எழுத்து, மற்றது இருபதாம் எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நல்லவேளை, 2005இல் வானவில் ட்ரௌட் மீனில் அந்த மூன்றாவதைக் கண்ட அதே ஆண்டில், வரிக்குதிரை மீனில் கண்ட வேறொரு குழு அதற்கு இசட் என்று பெயர் வைத்தது. நானும் இசட் என்றே சொல்லிக்கொள்கிறேன். அதன் வேலை என்ன என்பது 2010இல்தான் துலங்கியது. இரத்தத்துக்கு எம் காவல் என்றால், குடலுக்கு இசட் காவல்.

இனிக் கண்டுபிடிக்கும் முறை. இங்கே ஒரு கதை சொல்லாமல் நகர முடியாது.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது கெண்டைகளுக்கு, கொல்லப்பட்ட பாக்டீரியாவை ஊசி மூலம் செலுத்தி, எதிர்ப்பொருள் உண்டாகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். வாரங்கள் காத்திருந்தேன். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். நீர் குளிர்ந்தால் எதிர்ப்பொருளும் தாமதமாகத்தான் வரும். பிறகு கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மீனை மயக்கி, வால் பக்கம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் நாளத்தில் ஊசியைச் செலுத்த வேண்டும். முதல் மீனுக்கு என் மயக்கமருந்தின் மேல் மரியாதை இல்லை. ஊசி பட்டதும் துள்ளி, மேற்பார்வைக்கு வந்திருந்த பெரியவரின் சட்டைப் பைக்குள் பாதி உடலை நுழைத்துவிட்டது. அவர் அசையவில்லை. “மாதிரி எண் ஒன்று” என்று மட்டும் சொன்னார்.

ஒருவழியாக இரத்தம் எடுத்து, அதன் தெளிநீரான சீரத்தைப் பிரித்து, எதிர்ப்பொருள் இருந்தால் நிறத்தால் காட்டும் எலைசா தட்டில் ஊற்றினேன். தட்டின் குழிகளில் நிறம் தோன்ற வேண்டும். ஒன்றிலும் தோன்றவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு மாதம் இல்லை. கெண்டைக்கு எதிர்ப்பொருளே வராது என்று கட்டுரை எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது புட்டி கழுவும் உதவியாளர் கேட்டார்: “தம்பி, கடைசியில் ஊற்றுகிறீர்களே, அந்தக் குப்பியில் முயல் என்று எழுதியிருக்கிறதே. நம்முடையது மீன் அல்லவா?”

முயலின் எதிர்ப்பொருளைப் பிடிக்கும் கருவியால் கெண்டையின் எதிர்ப்பொருளைத் தேடியிருக்கிறேன்! கெண்டை தன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தது. எனக்குத்தான் திருத்தத் தெரியவில்லை.

சிரியுங்கள், ஆனால் இதுதான் சங்கதி. மீனின் எதிர்ப்பொருளைக் காண, அதைப் பிடிக்கும் இன்னோர் எதிர்ப்பொருள் வேண்டும். மீனின் இம்யூனோகுளோபுலின் எம்மைப் பிரித்தெடுத்து எலிக்குச் செலுத்துவார்கள். எலியின் உடல் அதற்கு எதிராக எதிர்ப்பொருள் செய்யும். அதைச் செய்யும் உயிரணுவைப் புற்று உயிரணுவோடு இணைத்தால் சாகாமல் பெருகும். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கொடுத்த வித்தை அது. ட்ரௌட்டுக்குச் செய்தது கெண்டைக்குப் பொருந்தும் என்று நம்ப முடியாது. இனத்துக்கு இனம் சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு வழி மரபணுவைப் படிப்பது. 2009இல் 14 வரிக்குதிரை மீன்களின் எதிர்ப்பொருள் மரபணு வரிசைகளை மொத்தமாகப் படித்தார்கள். விரல் நீள மீன் என்பதால் முழு மீனையும் ஆராய முடிந்தது. மனிதனில் அதற்கு வழி இல்லை. எதிர்ப்பொருளை உண்டாக்க மரபணுத் துண்டுகள் கூடக்கூடிய சேர்க்கைகளில் பாதிக்கு மேல் ஒவ்வொரு மீனும் பயன்படுத்தியிருந்தது. அந்தச் சிறு உடலுக்குள் அவ்வளவு பெரிய அகராதி!

செயலாளர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். பார்த்துவிட்டேன், ஐயா. நன்றி.

இப்போது நான் எதற்காக வந்தேனோ அதைச் சொல்லிவிடுகிறேன். நோய் வந்ததும் தீவன மூட்டையில் ஆன்டிபயாடிக்கைக் கலக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். அதில் மீன் உடலில் தங்குவது கொஞ்சம். மற்றது தண்ணீருக்குள் போய், சாகாத பாக்டீரியாவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறது. நார்வேயின் மீன் பண்ணைகள் 1987இல் கிட்டத்தட்ட 50 டன் ஆன்டிபயாடிக் பயன்படுத்தின. பிறகு நல்ல தடுப்பூசிகள் வந்தன. சால்மன் உற்பத்தி பல மடங்கு பெருகியும் மருந்தின் அளவு ஒரு டன்னுக்கும் கீழே போனது. மீனுக்குத் தடுப்பு மருந்து புதிய யோசனையும் அல்ல. 1942இலேயே தீவனத்தில் கலந்து ட்ரௌட்டுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா? வேண்டாம். ஆனால் பள்ளியில் சேர்க்க வயது பார்க்க வேண்டும். பொரித்தவுடன் மருந்து கொடுத்தால் அதற்குப் பாடம் ஏறாது. எதிர்ப்பு உறுப்புகள் முதிர வேண்டும். பிறகு மருந்து கலந்த நீரில் முக்கி எடுக்கலாம்; வளர்ந்ததற்கு வயிற்றில் ஊசி. பாடம் ஏறியதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் அந்தந்த மீனுக்கான கருவி எதிர்ப்பொருள் வேண்டும் என்கிறேன். செய்தவர்கள் அதைச் சுரக்கும் உயிரணுக்களைத் தங்கள் உறைபெட்டியில் பூட்டி வைக்காமல், கேட்கும் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். வாசலில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். முதல் கையெழுத்து முதல்வர் அவர்களுடையதாக இருக்கட்டும். தலையசைக்கிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சீட்டும் வந்துவிட்டது. வழக்கமான எதிர்ப்பொருளில் கனச் சங்கிலி, இலகு சங்கிலி என்று இரு வகைப் புரதச் சங்கிலிகள் உண்டு; சுறாவின் எதிர்ப்பொருளில் ஒரு வகைக்குக் கனச் சங்கிலி மட்டுமே உண்டு, 1995இல் கண்டார்கள், அதன் பிடிக்கும் நுனி மிகச் சிறியது, உறுதியானது. இதற்கு மேல் பேசினால் ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிடுவார்கள். சுறாவுக்காகக் காத்திருந்தவர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கேளுங்கள், அங்கேதான் நிற்பேன்.