மிச்சம் ஒன்றா, இல்லையா?

நேயர்களுக்கு வணக்கம்.

புளியங்கொட்டைகளைக் கைக்குள் மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்டு விளையாடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கையை விரித்ததும் எப்படிச் சரிபார்ப்போம்? இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டே வருவோம். கடைசியில் ஒரு கொட்டை தனியாக நின்றால் ஒத்தை. எதுவும் நிற்காவிட்டால் ரெட்டை. மொத்தம் பதினேழா இருபத்து மூன்றா என்று யாரும் கேட்பதில்லை. மிச்சத்தைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

கணக்குப் பாடமும் இதையேதான் சொல்கிறது. 2 ஆல் வகுத்து மீதி 0 வந்தால் இரட்டைப்படை, 1 வந்தால் ஒற்றைப்படை. வேறு மீதி வரவே முடியாது. பூஜ்யம் எதில் சேரும் என்று பிள்ளைகள் அடிக்கடி தடுமாறுவார்கள். வெறுங்கையில் தனித்து நிற்கும் கொட்டை ஏது? மீதி இல்லை, ஆகவே பூஜ்யம் இரட்டைப்படைதான்.

வகுப்பில் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் என்ன வரும்? "இரட்டைப்படை சார்" என்று உடனே பதில் வரும். எப்படித் தெரியும் என்றால், 3-ம் 5-ம் 8, 7-ம் 9-ம் 16 என்று அடுக்குவார்கள். பதில் சரி. ஆனால் பத்து ஜோடிகளைப் பார்த்துவிட்டால் போதுமா? எண்களுக்கு முடிவே இல்லையே. பதினோராவது ஜோடி மாறிவிடாது என்று யார் உறுதி கொடுப்பது?

அந்த உறுதியை மீதி கொடுக்கிறது. உங்கள் கையில் ஒத்தை, என் கையில் ஒத்தை. இருவரும் ஜோடி ஜோடியாகத் தள்ளிவிடுகிறோம். உங்களிடம் ஒரு கொட்டை, என்னிடம் ஒரு கொட்டை. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஜோடி! இனி மிச்சம் எங்கே? கையில் எத்தனை இருந்தது என்று ஒருமுறைகூட நாம் கேட்கவில்லை, கவனித்தீர்களா? கேட்காததால்தான் இது எல்லா எண்ணுக்கும் பொருந்துகிறது. என்னைப் பொறுத்தவரை, ஒரு பிள்ளை நூறு கூட்டல் போட்டுப் பழகுவதைவிட, இந்த ஒரு இடத்தில் நின்று "அட!" என்று சொல்வது பெரிய விஷயம்.

மீதியை வேண்டாத மிச்சமாக நினைக்க வேண்டாம். நம் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்று ஆராய்ந்தார். 4 என்பதை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என 5 விதமாகப் பிரிக்கலாம். 9-க்கு 30 விதம், 14-க்கு 135 விதம். 5 ஆல் வகுத்தால் மீதி 4 வரும் எந்த எண்ணை எடுத்தாலும், அதைப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை 5 ஆல் மீதியின்றி வகுபடும். இதை நிறுவிய அவருடைய கட்டுரை 1919-ல் வெளிவந்தது.

சரி, இந்த மீதி நம் ஊர் வாய்க்காலில் தண்ணீர் பங்கிட எப்படி உதவும் என்று பார்ப்போம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். கடைமடையில் இரண்டு பேர் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். இரட்டைப்படைத் தேதி ஒருவருக்கு, ஒற்றைப்படைத் தேதி மற்றவருக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜூலை 31 ஒற்றைப்படை, மறுநாள் ஆகஸ்ட் 1-ம் ஒற்றைப்படை! அடுத்தடுத்து இரண்டு நாள் ஒருவருக்கே போய்விடும். ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் கடைசியிலும் இதே கதை. அந்த 231 நாட்களை எண்ணிப் பாருங்கள்: ஒற்றைப்படைக்காரருக்கு 117 நாள், இரட்டைப்படைக்காரருக்கு 114 நாள். பயிர் வாடும் நேரத்தில் மூன்று நாள் தண்ணீர் சின்ன விஷயமா?

தேதியை விட்டுவிடலாம். திறந்த நாளை 1 என்று வைத்து வரிசையாக எண்ணிக்கொண்டே போய், 2 ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 என்றால் முதல் ஆள், 0 என்றால் இரண்டாம் ஆள். ஆகஸ்ட் 15, 65-வது நாள். மீதி 1, ஆக முதல் ஆளின் முறை. பங்காளிகள் மூன்று பேரா? 3 ஆல் வகுங்கள். மீதி 1, 2, 0 என்று ஆளுக்கொன்று. 231 மீதியின்றி வகுபடுவதால் ஆளுக்குச் சரியாக 77 நாள்.

இரண்டு பேர் என்றால் 116-ம் 115-ம் வரும். அந்த ஒரு நாள் வித்தியாசத்தை எந்தக் கணக்காலும் போக்க முடியாது, ஏனென்றால் 231 ஒத்தை. அடுத்த ஜூனில் முதல் நாள் தண்ணீரை இரண்டாம் ஆளுக்கு விட்டுக் கொடுத்துவிடலாம்.

வணக்கம்.