மூன்று சக்கர ஏடிவி ஏன் கடையை விட்டுப் போனது?

நேயர்களுக்கு வணக்கம். 1970ல் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஒரு சின்ன ஏடிவியை, அதாவது எந்தத் தரையிலும் ஓடும் வண்டியை (ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்), இறக்கியது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, மூன்றிலும் உப்பிய பெரிய டயர்கள். குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் தவித்த டீலர்களுக்காகவே உருவான வண்டி. மணல், சேறு, பனி எதில் விட்டாலும் போனது. யமஹா, சுசுகி, கவாசாகியும் பின்னாலேயே வந்தன. சிறுவர்களுக்கென்று 70 சிசி மாடலும் வந்தது.

வண்டியின் அடியைக் கொஞ்சம் பார்ப்போம். பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவை. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும் அல்லவா? நம் ஊர் ஆட்டோவில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு அதைப் பார்த்துக்கொள்கிறது. இதில் அது இல்லை. ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுபவர் உடம்பை நகர்த்தி, உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைத்தால்தான் திரும்பும். அந்த நேரத்தில் டயர் சட்டென்று தரையைப் பிடித்தால் வண்டி வெளிப்பக்கமாகப் புரளும். ஆரம்ப மாடல்களில் ஸ்பிரிங்கும் கிடையாது, டயரில் இருக்கும் காற்றுதான் எல்லாம். சாயும்போது யாராக இருந்தாலும் காலை ஊன்றத்தான் பார்ப்போம். ஊன்றிய காலின் மேலேயே பின்சக்கரம் ஏறிவிடும்.

பழகிய பெரியவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். பத்து வயதுப் பிள்ளை எதை வைத்துச் சமாளிக்கும்?

1980களில் ஏடிவி விபத்துச் சாவுகள் நூற்றுக்கணக்கில் போயின. 16 வயது நிறையாத பிள்ளைகள் அதில் ஏராளம். ஓட்டுபவர்களின் தவறுதான் காரணம் என்று நிறுவனங்கள் வாதாடின. நான் இதை ஏற்கவே மாட்டேன். பிள்ளைகள் ஓட்டுவார்கள் என்று தெரிந்து விற்ற வண்டி அது.

சரி, எப்படி நின்றது? 1987 டிசம்பரில், நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் இந்த நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. 1988 ஏப்ரலில் சமரசம் ஆயிற்று. அந்த நாலு ஜப்பான் நிறுவனங்களும் அமெரிக்காவின் போலாரிஸும் சேர்ந்து ஐந்து நிறுவனங்கள் மூன்று சக்கர ஏடிவி விற்பனையை நிறுத்த ஒப்புக்கொண்டன. அப்புறம் சந்தை முழுக்க நான்கு சக்கரத்துக்கு மாறியது.

ஆனால் ஏற்கெனவே விற்ற வண்டிகள்? வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆணையம் முதலில் கேட்டிருந்தது. சமரசத்தில் அது இடம்பெறவில்லை. எனக்கு இதுதான் ஆறவே இல்லை. விற்கத் தகாதது என்று ஒதுக்கிய அதே வண்டிகள் பண்ணைக் கொட்டகைகளில் கிடந்தன, செகண்ட் ஹேண்டில் கை மாறின, வேறு பிள்ளைகள் ஏறி ஓட்டினார்கள். 2008ல் சட்டமாகவே வந்த தடையும் புது வண்டிகளுக்கு மட்டும்தான்.