கோலத்தைத் தின்ற காடைகள்

நடுவர் அவர்களே, ரெண்டு அணித் தோழர்களே, சபையோரே, எல்லாருக்கும் வணக்கம். மணி அடிக்கிறதுக்குள்ள விஷயத்துக்கு வந்துடறேன்.

"வயசான காலத்துல நிம்மதி எங்கே? ஆரவாரமான நம்ம டர்பன் தெருவிலா, அமைதியான பாலைவன நகரத்துப் புறநகரிலா?" இதுதான் தலைப்பு. நான் பாலைவனத்துப் பக்கம் நிக்கிறேன். தென்னாப்பிரிக்காவுலேர்ந்து போய் அங்கே இருந்துட்டு வந்தவ நான். 2023 மே மாசம் போனேன், அக்டோபர்ல திரும்பினேன். மகளுக்குப் பிரசவம். ஊர் பேரு ஃபீனிக்ஸ்.

பாருங்க, நீங்க சிரிக்கிற மாதிரியே, டர்பன்ல நம்ம சாட்ஸ்வொர்த்துல எங்க பக்கத்து வீட்டு அக்காவும் சிரிச்சாங்க. "அக்கா, ஃபீனிக்ஸ் போறேன், ஆறு மாசம்"னு சொன்னேன். என் முகத்தைப் பார்த்தாங்க. பெட்டியைப் பார்த்தாங்க. மறுபடி என் முகத்தைப் பார்த்தாங்க. "ஏன்டி, டாக்ஸி ஏறினா ஒரு மணி நேரத்துல ஃபீனிக்ஸ். அதுக்கா ரெண்டு பெட்டி? காலையில போயிட்டு ராத்திரி சோத்துக்கு வந்துடலாமே!" காந்தி 1904ல குடியிருப்பு போட்டாரே, நம்ம ஃபீனிக்ஸ், அதுன்னு நினைச்சுட்டாங்க. "அது இல்ல அக்கா, அமெரிக்காவுல அரிசோனா"ன்னேன். "அங்கேயும் ஒரு ஃபீனிக்ஸா? நம்ம ஊரு பேரை யாரு தூக்கிட்டுப் போனது?"ன்னு கேட்டாங்க.

யாரும் தூக்கிட்டுப் போகலை. ஹோஹோகாம்னு ஒரு பழங்குடி மக்கள் அந்தப் பாலைவனத்துல வாய்க்கால் வெட்டி விவசாயம் பண்ணி, ஒரு காலத்துல ஊரை விட்டுப் போயிட்டாங்க. நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சு 1867ல வந்தவங்க அதே வாய்க்காலைத் தூர் வாரிப் பயிர் வச்சாங்க. அழிஞ்ச ஊர் மேல எழுந்த ஊர், அதனால சாம்பல்லேர்ந்து எழுற பறவையோட பேரு.

இப்போ எதிரணி அண்ணனுக்கு வர்றேன். "பாலைவனத்துத் தெருவில சர்க்கரை தீர்ந்தா ஒட்டகத்துக்கிட்டதான் கடன் கேட்கணும்"னார். கூரை அதிர நீங்க கை தட்டினீங்க. அண்ணே, ஒட்டகத்தை மேடைக்கு இழுத்துட்டு வந்தது நீங்க. அதுக்குத் தண்ணி காட்டாம நான் விட மாட்டேன்.

அரிசோனாவுல நிஜமாவே ஒட்டகம் இருந்தது! 1850கள்ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்துல சுமை தூக்க ஒட்டகங்களைக் கப்பல்ல கொண்டுவந்து இறக்கினாங்க. கூடவே ஓட்டுறதுக்கு ஆளுங்களும் வந்தாங்க. அதுல ஒருத்தர் ஹாட்ஜி அலி. அந்தப் பேரு வாயில நுழையாம "ஹை ஜாலி"ன்னே கூப்பிட்டாங்க. கொஞ்ச காலத்துல ஒட்டகத் திட்டத்தைக் கைவிட்டுட்டாங்க. ஒட்டகங்கள் போச்சு, அவர் அங்கேயே தங்கிட்டார். 1902ல இறந்தார். குவார்ட்ஸைட்னு ஒரு சின்ன ஊர்ல அவர் சமாதி இருக்கு. 1935ல நெடுஞ்சாலைத் துறை அதுமேல பிரமிடு மாதிரி கல்லு அடுக்கி, உச்சியில ஒரு ஒட்டகத்தை நிக்க வச்சாங்க. மருமகன் ரெண்டு மணி நேரம் காரோட்டிக் காட்டினார். அந்தக் கல்லுல கை வச்சேன், சுட்டுது. எடுக்க மனசு வரலை. 1860ல ட்ரூரோ கப்பல்ல மதராஸ்லேர்ந்து கரும்புத் தோட்டக் கூலியா இங்கே டர்பன்ல வந்து இறங்கினாங்களே நம்ம ஆளுங்க, அவங்க பேரையும் இப்படித்தானே வாய்க்கு வந்தபடி எழுதி வச்சாங்க! ஒட்டகம் ஓட்ட வந்த ஒத்தை மனுஷனைப் பாலைவனம் மறக்கலை அண்ணே. எனக்கா ஒரு கரண்டி சர்க்கரை தராம போயிடும்?

சரி, வெயில். அது பொய்யில்லை. அந்த வருஷம் ஜூன் 30லேர்ந்து ஜூலை 30 வரைக்கும் 31 நாள் விடாம 43 டிகிரிக்கு மேல. பச்சைத் தண்ணிக் குழாயைத் திறந்தா வெந்நீர் வரும். அந்த மாவட்டத்துல மட்டும் அந்த வருஷம் 645 பேர் வெயிலால செத்தாங்க, அதுல பல பேருக்குப் படுக்க வீடே கிடையாது. அந்தக் கணக்கை நான் மறைக்க மாட்டேன். அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

ஆனா விடியக்காலை அஞ்சு மணிக்கு அந்தத் தெருவுக்கு வாங்க. வீட்டு முன்னாடி புல்லு கிடையாது, சரளைக்கல். நடுவுல ஆள் உயரத்துக்கு மூணு மடங்கு சகுவாரோ கள்ளி நிக்கும். அது முதல் கையை நீட்டவே ஐம்பது, எழுபது வருஷம் ஆகுமாம். ஹார்ன் இல்லை, நாய் குரைக்கலை, யார் வீட்டுப் பாட்டும் நம்ம காதுக்குள்ள வரலை. எதிர் வீட்டுல வெள்ளைக்காரப் பாட்டி ஒருத்தங்க, எழுபத்தஞ்சு வயசு இருக்கும். வாசல்ல உட்கார்ந்து காபி குடிப்பாங்க. கையைத் தூக்குவாங்க. நானும் தூக்குவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு.

நான் கார் நிறுத்துற சிமெண்டுத் தரையைக் கூட்டி, தண்ணி தெளிச்சு, குருணை கலந்த அரிசி மாவுல சிக்குக் கோலம் போடுவேன். முடிச்சு நிமிர்றதுக்குள்ள காடைக் கூட்டம் வந்துடும். தலையில காற்புள்ளி மாதிரி ஒரு கொண்டை முன்னாடி தொங்கும். அம்மா முன்னாடி, நெல்லிக்காய் மாதிரி குஞ்சுங்க வரிசையா பின்னாடி. கொத்திக் கொத்தி இடது பக்கச் சிக்கு முழுசும் காலி! மறுநாள் மறுபடி போடுவேன்.

ஜூலை மாசம் கடிதாசு வந்தது. அந்தக் குடியிருப்புச் சங்கத்திலேர்ந்து. "உங்க வாசல்ல வெள்ளைக் கறை இருக்கு, பதினாலு நாள்ல அகற்றுங்க." கறையாம்! எங்கம்மா சொல்லிக்கொடுத்த கோலம் கறை! பச்சைப் பிள்ளைக்காரி என் மகள், பயந்து போய் "வேண்டாம்மா, விட்டுடுங்க"ன்னா. விட்டுட்டேன். ஒரு நாள் போடலை. ரெண்டு நாள் போடலை.

மூணாம் நாள் காலையில அழைப்பு மணி. கதவைத் திறந்தா எதிர் வீட்டுப் பாட்டி. கையில ஒரு நோட்டு. "உடம்புக்கு என்ன? ரெண்டு நாளா உங்க படத்தைக் காணோமே"ன்னாங்க. நோட்டைப் பிரிச்சாங்க. முதல் பக்கம், நான் போட்ட முதல் கோலம். பென்சில்ல. புள்ளியை எண்ணி வச்சு, தேதி போட்டு. அடுத்த பக்கம், அடுத்த நாள் கோலம். அதுக்கு அடுத்த பக்கம், அதுக்கு அடுத்த நாள். நான் புரட்டறேன், புரட்டறேன், முடியவே இல்லை. எத்தனை தெரியுமா? நாற்பத்தொண்ணு! சபையோரே, மறுபடி சொல்றேன், நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு கோலம்! காடை தின்ன இடத்தை அப்படியே வெத்தா விட்டிருக்காங்க. ஒரு பக்கத்துல அந்த வெத்திடத்துக்குள்ள ஒரு குஞ்சையே வரைஞ்சு வச்சிருக்காங்க.

கடிதாசைக் காட்டினேன். படிச்சாங்க, மடிச்சாங்க, நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டுச் சங்கத்துக் கூட்டத்துக்கே போயிட்டாங்க. "இது அரிசி மாவு, தண்ணி ஊத்தினா போயிடும், மிச்சத்தைக் காடை பார்த்துக்கும்"னு சொன்னாங்களாம். அப்புறம் கடிதாசு வரலை.

அண்ணே, சாட்ஸ்வொர்த்துல முப்பது வருஷமா நான் கோலம் போடறேன். நம்ம தெரு ஜனங்க தங்கமானவங்க, 2022 வெள்ளத்துல ஒருத்தருக்கொருத்தர் சோறு கொண்டுபோய்க் கொடுத்த ஜனங்க. ஆனா இத்தனை சத்தத்துல யாரு என் கோலத்தை எண்ணினா? அந்த அமைதியான தெருவுலதான் நான் ரெண்டு நாள் இல்லாதது ஒருத்தி காதுல விழுந்தது.

எங்கப்பா டர்பன் மாநகராட்சியில தெரு கூட்டினவர். மேகசின் பாரக்ஸ்னு மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு, அதுல ஒத்தை அறையில நாங்க எட்டுப் பேர். அறுபதுகள்ல நிறவெறி ஆட்சியில எங்களை அங்கேயிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளினாங்க. இங்கேயும் ஒரே சுவர், அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் முழிச்சுக்குவோம். எங்கம்மா விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து, விளக்குக்கூட ஏத்தாம இருட்டுல உட்கார்ந்திருப்பாங்க. "என்னம்மா பண்றீங்க?"ன்னு கேட்டேன், ஆறு வயசு எனக்கு. "சும்மா இருடி. இப்போதான் சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் இருந்துக்கறேன்"னாங்க. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மேல அவங்களுக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கலை.

அந்த வருஷம் அங்கே மழை பொய்ச்ச வருஷம். ஒரே ஒரு சாயங்காலம் நாலு தூறல் விழுந்தது. கிரியோசோட்னு ஒரு பாலைவனச் செடி, அது நனைஞ்சா பாலைவனம் முழுக்க ஒரு வாசம் எழும்பும். மடியில பேத்தி தூங்கறா. தெருவுல ஒரு சத்தம் இல்லை. எங்கம்மா இருட்டுல உட்கார்ந்து தேடினது இதுதான்னு அன்னைக்குத் தெரிஞ்சது. அவங்களுக்காகவும் சேர்த்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ராத்திரி ஆகியும் எழுந்திருக்கலை.

போன வாரம் அந்தப் பாட்டி ஒரு படம் அனுப்பினாங்க. அவங்க வாசல்ல அவங்களே போட்ட கோலம். எங்கம்மாவோட பதினஞ்சு புள்ளிச் சிக்கு. கோடு கொஞ்சம் நடுங்கியிருக்கு. இடது மூலையில ரெண்டு புள்ளியைக் காணோம், காடை வந்துட்டுப் போயிருக்கு.

நடுவர் அவர்களே, ஃபோனை இதோ உங்க மேஜை மேலேயே வைக்கிறேன். தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தரம் பார்த்துடுங்க.