கட்டிலுக்குப் பின்னால் கிடந்த கேமரா

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நாகர்கோவிலில் பல வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். 2025 ஜூன் மாதம் ஒரு மத்தியானம், கன்னியாகுமரி லாட்ஜ் ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒரு மஞ்சள் பையோடு கடைக்கு வந்தார். வெள்ளையடிக்கக் கட்டிலை நகர்த்தியபோது, சுவரோரம் ஒரு கேமரா கிடந்ததாம். "யாரோடதுன்னு தெரியல அண்ணாச்சி. மேனேஜர் உங்ககிட்டக் காட்டச் சொன்னாரு" என்றார்.

கைக்கடக்கமான பழைய டிஜிட்டல் கேமரா. பேட்டரி மூடி உடைந்து, மேலே ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தது. விற்றால் ஆயிரம் ரூபாய் தேறாது. ஆனால் உள்ளே மெமரி கார்டு இருந்தது. அதில் 214 படங்கள்.

கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருக்கும். அதை முதலில் கீழே தள்ளிவிட்டேன். அப்படிச் செய்தால் தவறிக்கூட ஒரு படம் அழியாது. அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தோடும் எடுத்த தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். பார்த்தால் எல்லாப் படத்திலும் 2013 ஜனவரி 1 என்றே இருந்தது. மூடி உடைந்து பேட்டரி அடிக்கடி கழன்றதால் உள்ளிருக்கும் கடிகாரம் ஆரம்பத்துக்குப் போய்விட்டது. பிறகு யாரும் தேதியைத் திருத்தவில்லை.

ஆனால் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தில் இரண்டு குழந்தைகள் நிற்கிற படம் ஒன்று இருந்தது. அந்தப் பாலம் திறந்ததே 2024 டிசம்பர் கடைசியில்தான். ஆக, ஆறு மாதத்துக்குள் வந்து போனவர்கள். லாட்ஜில் ஆறு மாதத்துக்கு எத்தனை குடும்பம் தங்கியிருக்கும்!

அப்போதுதான் அந்த இட்லிப் படம் கண்ணில் பட்டது. ஓட்டலில் பாட்டி பேரனுக்கு இட்லி ஊட்டுகிறார். பின்னால் சுவரில் தினசரிக் காலண்டர். பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பில் 16, கீழே மங்கலாக ஞாயிறு. சரி, நேற்றைய தாளைக் கிழிக்காமல் விட்டிருந்தால்? கேமராவின் தேதி தப்பு என்றாலும், நடுவில் பேட்டரி கழலாதவரை படத்துக்குப் படம் உள்ள இடைவெளி தப்பாது. சூரிய உதயப் படத்துக்கும் இட்லிப் படத்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். அப்படியானால் காலை எட்டரை மணி. கடை திறந்ததும் தாளைக் கிழித்திருப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்தது இரண்டே முறை: பிப்ரவரி, மார்ச்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 214 படத்தையும் நான் பார்க்கவில்லை. துப்புக் கிடைத்ததும் மூடிவிட்டேன். அடுத்த வீட்டுக்காரர் கதவு திறந்து கிடந்தால் கூப்பிட்டுச் சொல்லலாம், உள்ளே போய் அலமாரியைத் திறக்கலாமா? லாட்ஜ் ரிஜிஸ்டரையும் நான் கேட்கவில்லை. தேதிகளை மேனேஜரிடம் சொன்னேன், அவரே போன் போட்டார்.

முதல் இரண்டு குடும்பமும் தங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாவது எண்ணில் ஒரு பெண் எடுத்தார். "உங்க பொருள் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு" என்றதுமே வைத்துவிட்டார். ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவர்கள் என்று பயந்திருக்கிறார். அவர்மேல் என்ன தப்பு, இன்றைக்குக் காலம் அப்படி. சாயங்காலம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டு, தங்கிய ரூம் நம்பரைச் சொன்ன பிறகுதான் பேசினார். என்ன பொருள் என்று நாம் சொல்லாமல், எதைத் தொலைத்தீர்கள், எப்படி இருக்கும் என்று கேட்கச் சொல்லியிருந்தேன். "கேமராதான் சார். பேட்டரி மூடியில ரப்பர் பேண்ட் போட்டிருக்கும்" என்றார். அடுத்து அவர் கேட்டது, "கார்டு இருக்கா?"

இந்தக் கேமரா கிடைத்துவிட்டது; நம் மாவட்டத்தில் வாழ்ந்த இன்னொருவருடைய கேமரா திரும்பி வரவே இல்லை. நெய்யூர் மருத்துவமனையில் பல்லாண்டு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், 1924 எவரெஸ்ட் பயணத்தில் தன்னுடைய சட்டைப்பை அளவு கோடாக் கேமராவை உடன் வந்த மலையேறும் வீரர் மல்லரிக்கு இரவல் கொடுத்தார். ஜூன் 8ஆம் தேதி உச்சியை நோக்கி ஏறிய மல்லரியும் அவருடைய துணைவர் இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். 1999இல் மல்லரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்பதற்குப் பதில் அந்தக் கேமராவின் ஃபிலிம் சுருளில் இருக்கலாம் என்று இன்றைக்கும் தேடுகிறார்கள். நெய்யூர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

உங்கள் கேமராவுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் போன் நம்பரைப் பெரிதாக எழுதி, அதைக் கார்டின் முதல் படமாக எடுத்து, அழியாதபடி கேமராவிலேயே பூட்டி வையுங்கள். யார் கையில் கிடைத்தாலும் கார்டின் முதல் படத்தில் நம்பர் தெரியும். கண்டெடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். கண்டெடுத்து வைத்துக்கொண்ட பொருளைப் பத்திரமாகக் காக்கும் பொறுப்பு நமக்கு உண்டு என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71 சொல்கிறது. ரோட்டில் கிடந்ததென்றால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் குழந்தைகளோடு கடைக்கு வந்தார். லாட்ஜ் தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். கடிகாரத்தைச் சரிசெய்து, புது ரப்பர் பேண்ட் போட்டு, கேமராவைக் கொடுத்தேன். அந்தம்மா இட்லிப் படத்தைத் தேடி எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் கொடுக்கப் போனதற்குத் தம்பி வேண்டவே வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டார். மூத்த பெண், எட்டு வயதிருக்கும், கேமராவை வாங்கி, "அண்ணா, அங்க நில்லுங்க" என்றாள். அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு என் கடை வாசலில் நின்றார். அதுதான் 215ஆவது படம்.

வணக்கம்.